ஆய்வேட்டைப் புத்தகமாக்குவது: ஆங்கிலப் பதிப்பகத்துக்குக் கொடுத்தால் தமிழ்ப் பதிப்பு நம் கையில் இருக்குமா?

கித்தாக்காடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்கள் 1950களிலும் 60களிலும் துண்டாடப்பட்டதைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு கையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியது. அடிக்குறிப்புகளோடு 110,000 சொல், 34 அட்டவணை, 52 படம். தோட்டத்தை வாங்கித் துண்டு போட்டு விற்ற தரகர்கள், வேலையும் வீடும் ஒன்றாகப் பறிபோன குடும்பங்கள், பிறகு தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்க 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இந்தப் பக்கம் எப்படிக் கால் ஊன்றியது என்பதுதான் பொருள்.

இதைப் புத்தகமாக்க வேண்டும். நாலு சந்தேகம்.

ஆய்வேடு பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் பதிப்பகம் வேண்டாம் என்று சொல்லுமா?

வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. காசு வேண்டாம், கோப்பை அனுப்பினால் மூன்று வாரத்தில் புத்தகம் என்கிறார்கள். நம்பலாமா?

படங்களில் பாதி தோட்டத்துக் குடும்பங்கள் கொடுத்தவை, மீதி ஆர்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகம்) எடுத்தவை. யாரிடம் என்ன அனுமதி வாங்க வேண்டும்?

பேட்டி கொடுத்த பெரியவர்களுக்கு ஆங்கிலப் புத்தகத்தால் பயன் இல்லை. தமிழில் ஒன்று வர வேண்டும். எதை முதலில் செய்வது?

மெய்ப்புத்தாள்

மின்னஞ்சலை முதலில் ஒதுக்கிவிடலாம். களஞ்சியத்தில் புதிதாக ஏறும் ஆய்வேடுகளைப் பார்த்து வரிசையாக அனுப்பப்படும் கடிதம் அது. மதிப்பாய்வு இல்லை, செப்பனிடுவதும் இல்லை. நீங்கள் அனுப்பும் கோப்பையே அட்டை போட்டு, கேட்டால் மட்டும் அச்சடிக்கும் முறையில் விலைப்பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். நூலகங்கள் வாங்காது. காசு கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்தில் முழு வெளியீட்டு உரிமையும் அவர்களுக்குப் போய்விடும். பிறகு நல்ல பதிப்பகத்திடம் போனால் "இது ஏற்கெனவே புத்தகமாக வந்துவிட்டதே" என்று திருப்பிவிடுவார்கள். பதவி உயர்வுக் குழுவும் மதிப்பாய்வு நடந்ததா என்றுதான் கேட்கும்.

இனி வரும் கடிதங்களைச் சோதிக்க எளிய வழி: கையெழுத்துப்படியை யார் மதிப்பாய்வு செய்வார்கள், எத்தனை பேர் என்று கேளுங்கள். அவர்கள் போட்ட நான்கு தலைப்பை வேர்ல்ட்கேட்டில் (பல நாட்டு நூலகங்களின் கூட்டு இணையப் பட்டியல்) தேடி எந்த நூலகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

களஞ்சியத்தில் ஆய்வேடு இருப்பதைப் பெரும்பாலான பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏனென்றால் ஆய்வேட்டை அப்படியே அவர்கள் போடப்போவதும் இல்லை. வேறெங்கிருந்தாவது நகல் எடுத்ததா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் உங்கள் ஆய்வேடே மூலம் என்று வந்து நிற்கும். அதை முன்மொழிவிலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை.

திருத்தம்தான் பெரிய வேலை. 110,000 சொல்லை அடிக்குறிப்பு, நூற்பட்டியல் எல்லாம் சேர்த்து 85,000க்குள் கொண்டுவரப் பாருங்கள். முன் ஆய்வுகள் அத்தியாயம் தனியாக நிற்கக்கூடாது. யாரோடு வாதம் செய்கிறீர்களோ அந்த வாதம் சான்று வரும் இடத்திலேயே வர வேண்டும். உதாரணமாக, 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ் ஆராய்ந்திருக்கிறார். அவர் எண்ணிக்கையோடு உங்கள் வட்டார எண்ணிக்கை எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்பதை முதல் அத்தியாயத்தில் பட்டியல் போடாமல், விற்பனைக் கணக்கு வரும் அத்தியாயத்தில் வையுங்கள். ஆய்வு நெறிமுறை முன்னுரையில் இரண்டு பக்கம் போதும். அட்டவணை 34 என்பது தேர்வாளருக்குக் காட்டிய உழைப்பு. அதை எடுத்தால் வாதம் சாய்ந்துவிடும் என்கிற அட்டவணையை மட்டும் வைத்தால் பத்துக்கு மேல் தேறாது.

"இந்த அத்தியாயம் மூன்று பகுதிகளைக் கொண்டது" என்று தொடங்கும் வரிகளைத் தேடித் தேடி வெட்டுங்கள். அந்த இடத்தில் ஒரு தோட்டம் கைமாறிய விற்பனைப் பத்திரத்தை வையுங்கள்: தேதி, ஏக்கர், விலை, வாங்கியவர் எத்தனை பேர். வாசகர் அங்கிருந்து உள்ளே வருவார்.

முழுப்படியை யாருக்கும் உடனே அனுப்பவேண்டாம். முதலில் முன்மொழிவு, எட்டிலிருந்து பன்னிரண்டு பக்கம். வாதம் என்ன என்று ஒரு பக்கம், அத்தியாயத்துக்கு ஒரு பத்தி, சொல் எண்ணிக்கை, படம் எத்தனை, கறுப்பு வெள்ளையா வண்ணமா, முழுப்படி எப்போது தயார், உங்களைப் பற்றி ஒரு பக்கம். மாதிரிக்கு முன்னுரையும் மிக வலுவான ஒரு அத்தியாயமும்.

பலர் கோட்டை விடுவது இரண்டு இடத்தில். ஒன்று, போட்டி நூல்கள். "இந்தப் பொருளில் நூலே இல்லை" என்று எழுதினால் பதிப்பாசிரியருக்கு இரண்டு எண்ணம்தான் வரும்: இவருக்குப் படிப்பு போதாது, அல்லது வாங்க ஆள் இல்லை. ஐந்தாறு நூலைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உங்கள் நூல் என்ன கூடுதலாகத் தருகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு, வாசகர் யார் என்பது. "ஆர்வமுள்ள அனைவரும்" என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம். தென்கிழக்காசிய வரலாறு, தொழிலாளர் வரலாறு, பெருந்தோட்டப் பொருளாதாரம், புலம்பெயர் தமிழர் ஆய்வு என்று பாடத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

எங்கே அனுப்புவது? மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம், யுஎஸ்எம் பதிப்பகம், பெட்டாலிங் ஜெயாவில் எஸ்ஐஆர்டி, சிங்கப்பூரில் என்யூஎஸ் பிரஸ், ஐசியாஸ். எல்லாமே உங்கள் பொருளுக்குப் பக்கத்தில் உள்ளவை. முன்மொழிவை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்துக்கு அனுப்பலாம், ஆனால் கடிதத்தில் அதைச் சொல்ல வேண்டும். முழுப்படி மதிப்பாய்வுக்குப் போன பிறகு ஒரே இடம்தான்.

பிறகு நடப்பது இது. இரண்டு மதிப்பாய்வாளர்கள் படிப்பார்கள். உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியும், அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியாது. மூன்று முதல் ஆறு மாதம். அறிக்கை வந்ததும் நீங்கள் பதில் கடிதம் எழுத வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் எதை, எந்த அத்தியாயத்தில், எப்படி மாற்றுவீர்கள் என்று. எல்லாவற்றுக்கும் தலையாட்டாதீர்கள். ஒன்றிரண்டு இடத்தில் காரணத்தோடு மறுத்தால் பொருளை அறிந்தவர் என்று தெரியும். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் பதிப்பகக் குழு முடிவு செய்யும். அதன் பிறகு செப்பனிடுதல், மெய்ப்பு, சொல்லடைவு (எந்தப் பெயர், சொல் எந்தப் பக்கத்தில் என்று நூலின் கடைசியில் வரும் பட்டியல்). முன்மொழிவிலிருந்து கடை வரை இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிராணி வீட்டுப் பின்புறம்

படங்களுக்கு வருகிறேன். இங்கேதான் புத்தகம் ஆறு மாதம் மாட்டிக்கொள்ளும். ஆய்வேட்டுக்கு வாங்கிய அனுமதி புத்தகத்துக்குச் செல்லாது. ஆர்கிப் நெகாரா படங்களுக்கு, வெளியீட்டுக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கோப்பு எண், நூல் பெயர், பதிப்பகம், எத்தனை படி, அச்சா மின்னூலா எல்லாம் கேட்பார்கள். மின்னூலை இப்போதே சேர்த்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் பின்னால் மறுபடியும் படி ஏற வேண்டும்.

குடும்பப் படத்தில் படத்தை வைத்திருப்பவர் வேறு, எடுத்தவர் வேறு. பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து வையுங்கள். ஸ்டுடியோ இன்னும் இருந்தால் எழுத்தில் கேளுங்கள். மூடிவிட்டால் தேடிய விவரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள், பதிப்பகம் கேட்கும். கொடுத்த குடும்பத்திடம் ஒரு பக்கப் படிவம் போதும்: எந்தப் படம், எந்த நூல், எந்த மொழிப் பதிப்புகள், நன்றியில் பெயர் எப்படி வர வேண்டும். படிவம் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலப் படிவத்தில் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது.

பேட்டியும் அப்படித்தான். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஆய்வுக்கு. புத்தகத்தில் சொந்தப் பெயர் வரலாமா, புனைபெயரா என்று ஒவ்வொருவரிடமும் மறுபடி கேளுங்கள். இறந்துபோனவர் என்றால் பிள்ளைகளிடம் கேட்பது நல்லது. தரகர், கங்காணி, முன்னாள் நிர்வாகி பற்றி யாராவது கடுமையாகச் சொல்லியிருந்தால் அது அவதூறுச் சட்டம் 1957இன் பக்கம் போகும். பேட்டியில் மட்டும் இருக்கிறதா, கோப்பிலும் சான்று இருக்கிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். கோப்பில் இல்லாததைப் பெயரோடு போடாதீர்கள். சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் பெயரை மாற்றினாலும் யார் வீடு என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் பதவி, தோட்டப் பிரிவு இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய நாளிதழிலிருந்து மேற்கோள் காட்ட நம் பதிப்புரிமைச் சட்டம் 1987இல் நியாயமான பயன்பாடு இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். ஒரு பக்கத்தையே படமாகப் போடுவது அந்தக் கணக்கில் வராது. லண்டன் கியூவில் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள காலனி அலுவலகக் கோப்புகளை எழுத்தில் மேற்கோள் காட்டுவது சிக்கல் இல்லை. தாளின் படம் வேண்டுமென்றால் அவர்களுடைய படப் பிரிவிடம் கேட்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் அடைவு செய்யும்போது கழுத்தைப் பிடிக்கும். நம் பெயர்களில் அப்பா பெயருக்கு முன்னால் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) வரும். வெளிநாட்டுச் செப்பனிடுபவர் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, ஆளை அப்பா பெயரில் வரிசைப்படுத்திவிடுவார். நூற்பட்டியலிலும் அடைவிலும் சொந்தப் பெயரை முதலில் வைக்கச் சொல்லி, கையெழுத்துப்படியோடு ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். ஒரே ஆளின் பெயர் கோப்பில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். எதை நூல் முழுக்க வைப்பது என்ற பட்டியலையும் அதோடு சேருங்கள்.

லயத்து விளக்கு

மெய்ப்புத்தாள் சொன்ன வரிசை சரிதான், ஆனால் தமிழ்ப் புத்தகத்தை ஆங்கிலத்துக்குப் பின்னால் நிறுத்த வேண்டியதில்லை. 1955இல் பால் வெட்டிய ஆளுக்கு இப்போது என்ன வயது? இரண்டு ஆண்டு காத்திருங்கள் என்று அவர்களிடம் சொல்ல முடியாது.

என் கருத்து: தமிழ் நூல் மொழிபெயர்ப்பாகவே இருக்க வேண்டாம், தனி நூலாக இருக்கட்டும். ஆங்கில நூலுக்குக் கோட்பாடும் அட்டவணையும் வேண்டும். தமிழ் நூலுக்குப் பேட்டிகள், தோட்டம் தோட்டமாக நடந்த கதை, வரைபடம், படங்கள். 45,000 சொல்லுக்குள் முடியும். பேட்டிகள் எப்படியும் தமிழில்தான் நடந்திருக்கும், ஆங்கிலத்தில் சுருங்கிப்போனதை இங்கே முழுசாகக் கொடுக்கலாம். வேறு நூல், வேறு அமைப்பு என்றால் ஆங்கிலப் பதிப்பகமும் முன் வெளியீடு என்று முறைக்காது. முன்மொழிவில் "இதே ஆய்விலிருந்து பொதுவாசகர்களுக்கான தமிழ் நூல் ஒன்றும் வருகிறது" என்று எழுதிவிடுங்கள். மறைத்தால்தான் பிரச்சினை.

கித்தாக்காடு

ரொம்ப நன்றி, மூவருக்கும். தனி நூல் என்ற யோசனை பிடித்திருக்கிறது. ஆனாலும் ஒரு பயம். ஒரு பதிப்பகத்தின் மாதிரி ஒப்பந்தத்தைப் பார்த்தேன். "உலகெங்கும், எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று இருக்கிறது. இதில் கையெழுத்துப் போட்டால் என் தமிழ் நூல் என்னாகும்? திறந்த அணுக்கத்தில் (இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி) போட்டால் இந்தச் சிக்கலே இல்லை என்கிறார்களே, அது உண்மையா?

மெய்ப்புத்தாள்

அந்த வரி மாதிரிப் படிவத்தின் வரி, கேட்டால் மாற்றுவார்கள். "தமிழ் மொழி உரிமைகள் ஆசிரியரிடமே இருக்கும்" என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்கள். ஆய்வு நூலின் தமிழ் உரிமையால் பதிப்பகத்துக்கு வருமானம் கிடையாது, அதனால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும். பிறகு கேட்டால் அது சலுகை ஆகிவிடும்.

அதே தாளில் இன்னும் சில இடத்தைப் பாருங்கள்மா. அனுமதிக் கட்டணம், அடைவுச் செலவு இரண்டும் பெரும்பாலும் ஆசிரியர் தலையில்தான் விழும், எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ராயல்டி விற்பனை விலை மேலா, கடைக் கழிவு போக வரும் தொகை மேலா? ஒரே 10 விழுக்காடுதான், ஆனால் இரண்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். சில நூறு படி விற்கும் நூலில் எப்படியும் பெரிய காசு இல்லை, அதற்காக மல்லுக்கட்டாதீர்கள். அதைவிட முக்கியம் உரிமை திரும்பும் விதி. "அச்சில் இல்லை" என்றால் என்ன என்று எண்ணில் இருக்க வேண்டும், ஓராண்டில் இத்தனை படிக்குக் கீழே விற்றால் என்று. கேட்டால் அச்சடிக்கும் முறை வந்த பிறகு எந்த நூலும் அச்சில் இல்லாமல் போவதே இல்லை, உரிமை அவர்களிடமே கிடக்கும். அடுத்த நூலையும் எங்களுக்கே முதலில் காட்ட வேண்டும் என்ற வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

திறந்த அணுக்கம் தனி விஷயம். உரிமத்தைப் பார்க்க வேண்டும். சிசி பை என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், விற்கலாம், உங்கள் பெயரைச் சொன்னால் போதும். பேட்டி கொடுத்தவர்களுக்கு அது சம்மதமா என்று யோசியுங்கள். அதன் கடைசியில் என்டி சேர்ந்தால் மாற்றம் செய்த வடிவத்தை யாரும் வெளியிட முடியாது, மொழிபெயர்ப்பும் அதில் அடக்கம். உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் அதே கதிதான். பல பதிப்பகங்கள் இதற்குப் பெரிய கட்டணம் கேட்கும், ஆய்வு நிதி இல்லாமல் கைக்காசைப் போடாதீர்கள். கேம்பிரிட்ஜில் 2008இல் தொடங்கிய ஓபன் புக் பப்ளிஷர்ஸ் போல, ஆசிரியரிடம் கட்டாயக் கட்டணம் இல்லாமல் நடத்துபவர்களும் உண்டு. டிஓஏபி என்ற திறந்த அணுக்க நூல்களின் இணையப் பட்டியலில் தேடலாம்.

அச்சுமை

தமிழ் நூலைச் சொந்தமாகப் போடுவதானால் தயாரிப்பு பற்றி நான் சொல்கிறேன்.

பழைய கோப்புகளிலிருந்து வரும் தமிழ் யூனிகோடில் இல்லாமல் இருக்கும். மாற்றியில் போட்டு எடுத்த பிறகு கண்ணால் படியுங்கள். காலுக்குப் பதில் ர இருக்கும், "காடு" "கரடு" ஆகி நிற்கும், சொல்திருத்தி அதைப் பிடிக்காது. "ஔ" இருக்க வேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக இருக்கும். கொ, கோ போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகச் சேமிக்கப்பட்டிருந்தால் பார்க்க ஒன்றுதான், தேடினால் அகப்படாது.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் புள்ளி வட்டத்தோடு நிற்கும். ஒவ்வொரு பத்திப் பாணியிலும் அதைச் சரிபாருங்கள், அடிக்குறிப்புப் பாணியை எல்லோரும் மறப்பார்கள். நம் சொற்கள் நீளம், இருபுறமும் சமன் செய்தால் வரியில் ஓட்டை விழும். சொல்லை உடைக்க விடுங்கள், ஆனால் புள்ளி எழுத்தில் வரி தொடங்கக்கூடாது.

சொல்லடைவை எக்செல்லிலோ நிரலிலோ போட்டு வரிசைப்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது: யூனிகோடு எண் வரிசையும் அகரவரிசையும் ஒன்றல்ல. எண் வரிசையில் ந முடிந்ததும் ன வந்துவிடும், ர முடிந்ததும் ற, சவுக்கும் ஞவுக்கும் நடுவில் ஜ. புள்ளி கடைசிக் குறி என்பதால் க் என்பது கௌவுக்கும் பின்னால் போகும். "பக்கம்" "பகல்" இரண்டில் எது முன்னால் வருகிறது என்று பாருங்கள். "பகல்" முன்னால் வந்தால் வரிசை தப்பு. வரிசைப்படுத்தும் மொழியைத் தமிழ் என்று அமைக்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். பக்க எண் இறுதியாகும் முன் அடைவைத் தொடாதீர்கள்.

அளவு: 6க்கு 9 அங்குலம், 11 புள்ளி எழுத்து என்றால் பக்கத்துக்கு 240 சொல் சுமாராக. ஆங்கிலக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். 45,000 சொல் 190 பக்கம், முன்பக்கங்கள், அடைவு, படம் சேர்த்து 224. அது 16 பக்கக் கட்டு பதினான்கு, மிச்சம் விழாது. 80 கிராம் சிமிலி தாள் (பளபளப்புப் பூச்சு இல்லாத சாதாரண அச்சுத் தாள்) ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், 112 தாளுக்கு முதுகு 11 மில்லிமீட்டர். அட்டை வடிவமைப்பை முடிக்கும் முன் அதே தாளில் வெற்று மாதிரி கட்டித் தரச் சொல்லி அளந்து பாருங்கள்.

குடும்பப் படங்களை 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். வாட்சப்பில் வந்த படம் வேண்டவே வேண்டாம், அது அமுக்கி அனுப்பப்பட்டது. பழைய லயத்துப் படங்கள் சிமிலியில் இருண்டுபோகும். முக்கியமானவற்றை நடுவில் 16 பக்கம் ஆர்ட் தாளில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பக்கங்கள் 224க்கு மேலே தனி, முதுகு கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள்.

300 படி என்றால் டிஜிட்டல் அச்சு. ஆஃப்செட்டில் தகடு செலவே தனியாக வந்து நிற்கும், 500ஐத் தாண்டினால் யோசிக்கலாம். கொட்டேஷன் கேட்கும்போது தாள், கட்டு, அட்டை மேல்பூச்சு, ஆர்ட் பக்கம் எல்லாம் எழுதி மூன்று இடத்தில் ஒரே தாளைக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது. கடைக்குக் கொடுத்தால் 40 விழுக்காடு கழிவு போகும், அதை மனதில் வைத்து விலை போடுங்கள். நம் ஊரில் கடையைவிட வெளியீட்டு நாளில் போவதுதான் அதிகம். முதல் நூல் வாங்கும் பிரமுகரின் உறையை மட்டும் நம்பி அச்சடிக்காதீர்கள்.

ஐஎஸ்பிஎன் தேசிய நூலகத்தில் இலவசம். அச்சுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. பதிப்பிலேயே நூலட்டவணைத் தரவும் (நூலகங்கள் நூலை வகைப்படுத்த உரிமைப் பக்கத்தில் அச்சிடும் விவரம், சிஐபி) அங்கேதான் கேட்க வேண்டும், அச்சுக்குப் போகும் முன். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி நூல் வெளியான ஒரு மாதத்துக்குள் ஐந்து படி அவர்களுக்கு அனுப்ப வேண்டும், 300இல் அதை முதலிலேயே கழித்துவிடுங்கள். பேட்டி கொடுத்த வீடுகளுக்கும் படம் கொடுத்த வீடுகளுக்கும் போகும் படிகளையும்.

இன்னொன்று, தமிழ் நூல்களில் அடிக்கடி விட்டுப்போவது. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கிறது. நூல் முழுக்கத் தமிழாக இருந்தாலும் அந்த வரிகளைத் தமிழில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.